வேளாண் ஆசிரியரை உருவாக்கும் பட்டம் எங்கே? இரு சீர்திருத்தங்களுக்கு இடையே விடுபட்ட கண்ணி

புது தில்லி: ஆறாம் வகுப்பிலிருந்தே மாணவர்கள் மண்ணையும் பயிரையும் கால்நடையையும் நேரடியாகக் கையாண்டு கற்க வேண்டும் என்று நாட்டின் புதிய பாடத்திட்டக் கட்டமைப்பு கூறுகிறது. ஆனால், அதைக் கற்பிக்கப் போகும் ஆசிரியர் எந்தப் பட்டப்படிப்பிலிருந்து வருவார் என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லை. ஆசிரியர் கல்வியும் வேளாண் கல்வியும் அண்மை ஆண்டுகளில் தனித்தனியே சீரமைக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டும் சந்திக்க வேண்டிய இடத்தில்தான் வேளாண் ஆசிரியர் இருக்கிறார். அந்த இடம் இன்னும் வெற்றிடமாகவே உள்ளது.

கடந்த 2020 ஆகஸ்ட் 29 அன்று ஜான்சியிலுள்ள ராணி லட்சுமிபாய் மத்திய வேளாண் பல்கலைக்கழகத்தின் புதிய கட்டடங்களைத் திறந்து வைத்துப் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, கிராமப்புறங்களில் நடுநிலைப்பள்ளி அளவிலேயே வேளாண்மையைப் பாடமாகக் கொண்டுவரும் முயற்சி குறித்துக் குறிப்பிட்டார். அதற்கு ஒரு மாதம் முன்பு ஒப்புதல் பெற்ற தேசியக் கல்விக் கொள்கையும் இதே திசையில்தான் பேசியது. 2023-இல் வெளியான பள்ளிக் கல்விக்கான தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு, தொழிற்கல்வியை மூன்று வகைப் பணிகளாகப் பிரித்தது: உயிரினங்களுடனான பணி, இயந்திரங்கள் மற்றும் பொருள்களுடனான பணி, மனித சேவைப் பணி. இவற்றுள் முதலாவது, பெரும்பாலான கிராமப் பள்ளிகளைப் பொறுத்தவரை, வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும்தான். ஆறாம் வகுப்புக்கென 'கௌஷல் போத்' என்ற செயல்பாட்டு நூலையும் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்டுள்ளது.

நூல் வந்துவிட்டது. அதை நடத்துவோர் பெரும்பாலும் அறிவியல் ஆசிரியரோ, கைவேலை ஆசிரியரோ, அன்று வகுப்பு இல்லாத வேறு ஆசிரியரோதான்.

ஆசிரியர் கல்வியில் நடந்த மாற்றத்தை முதலில் பார்க்கலாம். 2030-க்குள் நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பி.எட். பட்டமே ஆசிரியர் பணிக்கான குறைந்தபட்சத் தகுதியாக அமைய வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை. அதன்படி தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில் 2021-இல் ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டத்தை அறிவிக்கை செய்து, 2023-24 கல்வியாண்டில் 57 நிறுவனங்களில் சோதனை முறையில் தொடங்கியது. அதில் மூன்று பிரிவுகள் மட்டுமே இருந்தன: பி.ஏ. பி.எட்., பி.எஸ்சி. பி.எட்., பி.காம். பி.எட். 2025 தொடக்கத்தில் வெளியிடப்பட்ட வரைவு விதிமுறைகளில் யோகா, உடற்கல்வி, சமஸ்கிருதம், கலைக் கல்வி ஆகியவற்றுக்குச் சிறப்புப் பிரிவுகள் முன்மொழியப்பட்டன. வேளாண்மை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. கோடிக்கணக்கான குடும்பங்களின் வாழ்வாதாரமாக இருக்கும் ஒரு துறை பட்டியலில் விடுபட்டிருப்பது தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

மறுபுறம், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் தனது ஆறாவது டீன்கள் குழுவின் பரிந்துரைப்படி இளநிலைப் பட்டப்படிப்புகளைத் திருத்தி 2024-25 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஓராண்டு முடித்து வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டு முடித்தால் பட்டயம், திறன் மேம்பாட்டுப் பாடங்கள் எனக் கல்விக் கொள்கையின் வரையறைகள் பலவும் அதில் உள்வாங்கப்பட்டன. தொழில்முனைவோர், விரிவாக்கப் பணியாளர், ஆய்வாளர் ஆகியோரை உருவாக்குவதே அதன் முதன்மைக் கவனம். பள்ளி ஆசிரியர் அந்த வரிசையில் முன்னிடம் பெறவில்லை.

இரு அமைச்சகங்கள், இரு பட்டியல்கள்

இந்தப் பிளவுக்கு அரசமைப்புச் சட்டத்திலேயே ஒரு வேர் இருக்கிறது. கல்வி என்ற பொருள் 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தின் மூலம் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. ஆனால் 'வேளாண் கல்வி மற்றும் ஆராய்ச்சி உள்ளிட்ட வேளாண்மை' மாநிலப் பட்டியலின் 14-ஆவது பதிவாகவே நீடிக்கிறது. நிர்வாகத்திலும் இதே நிலைதான். ஆசிரியர் கல்வி கவுன்சில் கல்வி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் வேளாண் அமைச்சகத்தைச் சார்ந்தது. பெரும்பாலான வேளாண் பல்கலைக்கழகங்களோ மாநில அரசுகளுடையவை. வேளாண் ஆசிரியருக்கான பட்டம் ஒன்றைத் தொடங்க இவர்கள் அனைவரும் ஒரே கோப்பில் கையெழுத்திட வேண்டும். எவருக்கும் அது தலையாய பணியாக இல்லை.

நாட்டின் பல்கலைக்கழகங்களில் சுமார் 9 விழுக்காடு வேளாண் பல்கலைக்கழகங்களாக இருந்தும், உயர்கல்வியில் சேர்வோரில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானோரே வேளாண்மை மற்றும் அதன் சார்புத் துறைகளைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்று கல்விக் கொள்கையே வருந்துகிறது. பள்ளியில் அத்துறையைச் சுவைபடக் கற்பிப்பவர் இல்லாதபோது, கல்லூரியில் அதை நாடுவோர் எங்கிருந்து வருவர் என்ற எளிய கேள்வியை அக்கொள்கை எழுப்பவில்லை.

முன்பும் முயன்ற நாடு

இது புதிய சிக்கல் அன்று. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் வேளாண்மை ஓர் அடிப்படைத் தொழிலாக இடம்பெற்றது. விடுதலைக்குப் பின், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, 1953-இல் அளித்த அறிக்கையில் பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. அங்கு மாணவர்கள் தெரிவு செய்யக்கூடிய ஏழு பிரிவுகளுள் வேளாண்மையும் ஒன்று.

அப்பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தயாரிக்கவே 1960-களில் அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு நகரங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் நிறுவப்பட்டன. தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை போன்ற செய்முறைப் பாடங்களுக்கான ஆசிரியர்களை உருவாக்குவது அவற்றின் தொடக்ககால நோக்கம். பல்நோக்குப் பள்ளிகள் நிலைபெறவில்லை. அவை தேய்ந்தபோது அவற்றுக்கான ஆசிரியர் படிப்புகளும் தேய்ந்தன. அக்கல்லூரிகள் வளர்த்தெடுத்த நான்கு ஆண்டு பி.எஸ்சி. பி.எட். மட்டும் தழைத்தது. இன்றைய ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டத்துக்கு முன்னோடி என அதைக் கூறலாம். வாரிசு வந்துவிட்டது, குடும்பச் சொத்தில் வேளாண்மையின் பங்கு மட்டும் வந்து சேரவில்லை.

அதே 1960-இல் பந்த்நகரில் முதல் வேளாண் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் நிலமானியப் பல்கலைக்கழக முறையைப் பின்பற்றி, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் உதவியுடன் தொடங்கப்பட்டது. கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் ஆகிய மூன்றையும் இந்தியா அங்கிருந்து ஏற்றுக்கொண்டது. ஆனால் அமெரிக்க முறையில் இன்னொரு கூறும் உண்டு. 1917-ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் பள்ளிகளில் வேளாண் பாடத்துக்கும், அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களின் பயிற்சிக்கும் மத்திய நிதி அளித்தது. அதனால் பல நிலமானியப் பல்கலைக்கழகங்களில் பள்ளி வேளாண் ஆசிரியருக்கான பட்டம் இயல்பான ஒரு துறையாக வளர்ந்தது. வகுப்பறைப் பாடம், மேற்பார்வையுடன் கூடிய பண்ணை அனுபவம், மாணவர் அமைப்பு ஆகிய மூன்றையும் ஒருசேர நடத்த அங்கு ஆசிரியர் பயிற்றுவிக்கப்படுகிறார். இந்தியாவில் விரிவாக்கக் கல்வித் துறைகள் உழவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைக் கற்பித்தன. உழவரின் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை அவற்றின் பொறுப்பாகக் கருதப்படவில்லை.

பாடத்திட்டத்தில் இருக்க வேண்டியவை

பட்டத்தைத் திருத்துவது என்றால் பி.எஸ்சி. வேளாண்மையுடன் நான்கு கல்வியியல் தாள்களைச் சேர்த்துவிடுவது என்று பொருளாகாது. பள்ளி வேளாண் ஆசிரியரின் பணி, கல்லூரி விரிவுரையாளரின் பணியிலிருந்தும் வேளாண் அலுவலரின் பணியிலிருந்தும் வேறுபட்டது.

பள்ளி நாட்காட்டியையே எடுத்துக்கொள்ளலாம். ஜூன், ஜூலையில் பள்ளி திறக்கும் மாநிலங்களில் காரிஃப் விதைப்பு அதனுடன் பொருந்தி வரும். ஆனால் வட மாநிலங்களில் கோதுமை அறுவடை ஏறக்குறைய ஆண்டுத் தேர்வையும் புதிய கல்வியாண்டின் தொடக்கத்தையும் ஒட்டி வருகிறது. கோடை விடுமுறையில் பள்ளித் தோட்டத்துக்கு யார் நீர் பாய்ச்சுவது? நாற்பது நிமிட வகுப்பில் முப்பது மாணவர்களை வயலுக்கு அழைத்துச் சென்று, கருவிகளைக் கொடுத்து, கைகால் கழுவ வைத்து, அடுத்த பாடத்துக்குத் திருப்பி அனுப்புவது எப்படி? பூச்சிக்கொல்லி மருந்துகள் சிறுவர்களின் கைக்கு எட்டாதபடி தோட்டத்தைப் பராமரிப்பது எப்படி? விளைந்த கத்தரிக்காய் மதிய உணவுக் கூடத்துக்கா, மாணவரின் வீட்டுக்கா? கணக்கை யார் எழுதுவது? பயிரியல் பாடநூலில் இவற்றுக்கு விடை கிடையாது. பொதுவான கல்வியியல் தாள்களிலும் கிடையாது.

மதிப்பீடு இன்னும் கடினமானது. ஒரு மாணவியின் பாத்தி மழையில் அழுகிப்போனால் அவருக்கு மதிப்பெண் உண்டா? உண்டு என்பதுதான் நியாயமான விடை. ஏன் அழுகியது என்று அவர் கண்டறிந்து எழுதியிருந்தால் நன்றாக விளைவித்தவரைவிடக் கூடுதலாகவே தரலாம். இப்படி மதிப்பிட ஆசிரியருக்குப் பயிரும் தெரிந்திருக்க வேண்டும், குழந்தை கற்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும்.

சமூகப் பக்கமும் உண்டு. மண்வெட்டி பிடிக்கவா பள்ளிக்கு அனுப்பினோம் என்று கேட்கும் பெற்றோர் பெரும்பாலும் மண்வெட்டியோடு வாழ்நாளைக் கழித்தவர்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வகுப்பறையில் சில சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் துடைப்பமும் மற்றவர்களுக்குப் புத்தகமும் தரப்பட்ட வரலாறு உள்ள நாட்டில், பள்ளித் தோட்டத்தின் வேலையை யாருக்குப் பகிர்ந்தளிப்பது என்பது பயிற்சியில் பேசப்பட வேண்டிய பாடம். கற்றலுக்கும் கூலியில்லா உழைப்புக்கும் இடையிலான கோட்டை அறியாத ஆசிரியரிடம் இப்பாடத்தை ஒப்படைக்க முடியாது.

இதற்கான பயிற்சிக் களங்கள் நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. வேளாண் மாணவர்கள் இறுதி ஆண்டில் கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டத்தின் கீழ் உழவர்களுடன் தங்கிப் பணியாற்றுகின்றனர். அந்தக் காலத்தின் ஒரு பகுதியை, ஆசிரியர் பணியை விரும்புவோர் அதே ஊர்ப் பள்ளியில் கழிக்கும்படி மாற்றுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. 1974-இல் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் தொடங்கிய வேளாண் அறிவியல் நிலையங்கள் இன்று நாடு முழுவதும் 700-க்கும் மேல் உள்ளன. நிலமும் வல்லுநர்களும் உள்ள அந்நிலையங்களைப் பயிற்சி ஆசிரியர்களின் பண்ணையாகப் பயன்படுத்தலாம்.

நான்கு ஆண்டா, ஐந்து ஆண்டா?

எந்த வடிவில் பட்டத்தை அமைப்பது என்பதில் இரு வழிகள் உள்ளன. முதலாவது, ஒருங்கிணைந்த திட்டத்தில் வேளாண்மைக்கு ஒரு பிரிவைச் சேர்ப்பது. கேட்க எளிதாகத் தோன்றும் இவ்வழியில் ஓர் ஆபத்து இருக்கிறது. நான்கு ஆண்டுகளைக் கல்வியியலுடன் பகிர்ந்துகொள்ளும்போது வேளாண் பாடங்கள் குறையும். அப்பட்டம் பெற்றவர் வேளாண் அலுவலர் பணிக்கோ, பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கோ, முதுநிலைப் படிப்புக்கோ தகுதியற்றவர் என ஒதுக்கப்படலாம். பதினெட்டு வயதில் ஆசிரியர் வேலை ஒன்றை மட்டுமே நம்பி இப்படிப்பில் சேருமாறு ஓர் உழவர் வீட்டு மாணவரிடம் கேட்பது பெரிய கோரிக்கை.

இரண்டாவது வழி, பி.எஸ்சி. வேளாண்மையை முழுமையாக முடித்தவர் ஓராண்டு பி.எட். படிப்பது. இப்போது பி.எட். ஈராண்டுப் படிப்பாக இருப்பதால், வேளாண் பட்டதாரி ஆசிரியராக ஆறு ஆண்டுகள் செலவிட வேண்டியுள்ளது. நான்கு ஆண்டு பட்டம் பெற்றோருக்கு ஓராண்டு பி.எட். போதும் என்ற கருத்து கல்விக் கொள்கையிலும் 2025 வரைவிலும் உள்ளது. வேளாண் பட்டம் நான்கு ஆண்டு தொழிற்பட்டமாக இருப்பதால் இவ்வழி அதற்கு இயல்பாகப் பொருந்தும். நடைமுறையில் இதுவே விரைவானதும் மாணவருக்குப் பாதுகாப்பானதும் ஆகும். அந்த ஓராண்டில் 'வேளாண்மை கற்பித்தல்' ஒரு முதன்மைப் பாடமாக இருக்க வேண்டும் என்பது இதற்கான நிபந்தனை. உயிரியல் கற்பித்தலைப் படித்துவிட்டு வேளாண்மை நடத்தச் சொல்வது இன்றைய நிலையின் மறுபதிப்பாகவே முடியும். அத்துடன், அந்த பி.எட். நடைபெறும் இடத்தில் பண்ணை ஒன்றும் இருக்க வேண்டும்.

பட்டத்துக்கு அப்பால் பணியிடம்

எவ்வளவு சிறப்பான பட்டமாக இருந்தாலும் அதற்குரிய பணியிடம் இல்லாவிட்டால் சேர்வதற்கு ஆளிருக்காது. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் மேல்நிலை வகுப்புகளில் வேளாண்மை தனிப் பிரிவாக நடத்தப்படுகிறது. கேரளத்தில் 1980-களில் தொடங்கிய தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளிகளிலும், தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வியுடன் அறிமுகமான தொழிற்கல்விப் பிரிவிலும் வேளாண்மை உண்டு. இவ்விடங்களில் நிரந்தரப் பணியிடம் என்ற மரபு ஓரளவு இருக்கிறது. ஆனால் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ் வந்த புதிய தொழிற்கல்விப் பாடங்களுக்குப் பல மாநிலங்களில் தனியார் பயிற்சி நிறுவனங்கள் வழியாக ஒப்பந்தப் பயிற்றுநர்களே அமர்த்தப்படுகின்றனர். ஊதியம் குறைவு, அடுத்த ஆண்டு வேலை நீடிக்குமா என்ற உறுதியும் இல்லை. ஒரு பயிர்ப் பருவத்துக்குக்கூட நிலைக்காத பணியில் மண்வளத்தைப் பற்றி நீண்டகாலப் பாடம் நடத்த எவரால் இயலும்?

நடுநிலைப்பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு வேளாண் ஆசிரியரை அமர்த்துவது மாநிலங்களின் நிதிநிலைக்கு எட்டாத செயல் என்ற எதிர்வாதம் பொருட்படுத்தத்தக்கதே. பள்ளித் தொகுப்பு ஒன்றுக்கு ஒருவர் என்ற ஏற்பாட்டைக் கல்விக் கொள்கையே அனுமதிக்கிறது. நான்கைந்து பள்ளிகளுக்குப் பொதுவான ஆசிரியர், ஒவ்வொன்றிலும் தோட்டப் பொறுப்பை ஏற்கும் உள்ளூர் உழவர் ஒருவர் என்ற அமைப்பு சாத்தியமானது. ஆனால் உள்ளூர் உழவரை வழிநடத்தவும் தகுதியுள்ள ஆசிரியர் ஒருவர் தேவை.

கால அளவும் இங்கு கருதத்தக்கது. நான்கு ஆண்டு வேளாண் ஆசிரியர் பட்டம் 2026-27 கல்வியாண்டில் தொடங்கப்பட்டாலும் அதன் முதல் பட்டதாரிகள் 2030-இல்தான் வெளிவருவர். 2024-25-இல் புதிய பாடநூல்களுடன் ஆறாம் வகுப்பில் அமர்ந்த மாணவர்கள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பர்.