"நோன்புதானே ஸேர்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு ஹகீமின் கதை



ரமழான் விடுமுறை வந்தால் எமது தெருக்களில் இரவும் பகலும் இடம் மாறிவிடுகின்றன. தராவீஹ் முடிந்ததும் மின்குமிழ் கட்டி கிரிக்கெட் தொடங்குகிறது, ஸஹர் வரை போகிறது. ஸுபஹுக்குப் பிறகு படுக்கும் பிள்ளை அஸருக்குத்தான் எழும்புகிறான். ளுஹர் தப்பிவிடுகிறது, புத்தகம் திறபடுவதே இல்லை. கேட்டால், "நோன்புதானே ஸேர்" என்கிறான். "பாவம், நோன்பு புடிச்சிருக்கான்" என்று உம்மா வாப்பாவும் விட்டுவிடுகிறார்கள். ஆசிரியர்களாகிய நாமும் பேசாமல் இருந்து இதைப் பழக்கிவிட்டோம்.

இந்தப் பிள்ளைகளுக்கு 1995ஆம் ஆண்டின் அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்துப் பருவத்தின் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

ஹகீம் ஒலாஜுவான் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தவர். ஹியூஸ்டன் ரொக்கெட்ஸ் அணியின் நடுநாயகம். 1994இல் அந்த அணி சாம்பியன் ஆனது. அடுத்த பருவத்தில் அதே அணி தடுமாறியது. 82 ஆட்டங்களில் 47 வெற்றி மட்டுமே. மேற்குப் பிரிவில் ஆறாம் இடம்.

அந்தப் பருவத்தின் நடுவில், பெப்ரவரி மாதத்தில், ரமழான் வந்தது. ஹகீமுக்கு வயது 32. ஓர் ஆட்டம் 48 நிமிடம். அதில் ஏறக்குறைய 40 நிமிடம் களத்தில் நிற்பவர் அவர். ஊர் ஊராகப் பயணம் வேறு. அவர் நோன்பை விடவில்லை. பிற்பகல் ஆட்டங்களில் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆடினார். அந்தப் பெப்ரவரியில் முழு லீக்கிலும் மாதத்தின் சிறந்த வீரராகத் தெரிவானவர் யார் தெரியுமா? நோன்பாளியான அதே ஹகீம்தான்.

பருவத்தின் கடைசிப் பகுதியில் இரத்தசோகையால் சில ஆட்டங்களை அவர் தவறவிட்டார். இதையும் மறைக்காமல் சொல்கிறோம். உண்மையாகவே சுகமில்லாதவன் ஓய்வெடுக்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. நாம் பேசுவது நோயைப் பற்றியல்ல, சாக்கைப் பற்றி.

பிறகு இறுதிச் சுற்றுகள் வந்தன. 60 ஆட்டங்கள் வென்றிருந்த யூட்டா ஜாஸை ரொக்கெட்ஸ் 3-2 என்று வென்றது. 59 வென்ற பீனிக்ஸ் சன்ஸுடன் 1-3 எனப் பின்தங்கி, 4-3 என மீண்டது. அடுத்தது 62 வெற்றிகள் பெற்ற சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். அந்த அணியின் டேவிட் ரொபின்சனுக்குப் பருவத்தின் சிறந்த வீரர் விருதை ஹகீமின் கண்முன்னே கொடுத்தார்கள். அன்றைய ஆட்டத்தில் ஹகீம் 41 புள்ளிகள் எடுத்தார். தொடர் 4-2. கடைசியில் சம்பியன் தொடரில், 23 வயது ஷகீல் ஓ'நீலின் ஒர்லாண்டோ மெஜிக் 4-0 என்று வீழ்ந்தது. அந்தத் தொடரின் சிறந்த வீரரும் ஹகீமே. ஆறாம் இடத்திலிருந்து வந்து சாம்பியனான அணி இன்றுவரை வேறு இல்லை.

நோன்பு பிடித்ததால் கிண்ணம் கிடைத்தது என்று நாம் சொல்ல வரவில்லை. நோன்போடு நோற்காதவர்களும் வெல்கிறார்கள், தோற்கிறார்கள். ஆனால் பெப்ரவரியில் "நோன்புதானே" என்று தன் வேலையைத் தளர்த்தாத மனிதர்தான் ஜூனில் கிண்ணத்தைத் தூக்கினார். இபாதத்தையும் உழைப்பையும் ஒன்றுக்கொன்று எதிரியாக்காமல் ஒரே நாளுக்குள் வைத்திருந்தார். எமது பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போவது இந்தப் பழக்கம்தான்.

விளையாட வேண்டாம் என்று சொல்லவில்லை. விளையாடட்டும். ஆனால் இரவு பதினொரு மணியோடு விளக்கை அணைப்போம்; பக்கத்து வீட்டில் நோயாளியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். ளுஹருக்குப் பிள்ளையை எழுப்புவதைப் பெற்றோர் பொறுப்பெடுங்கள். தொழுதபின் இரண்டு மணித்தியாலம் புத்தகத்தோடு உட்காரட்டும். ஆசிரியர்களாகிய நாமும் விடுமுறை என்று கைகட்டி இருக்காமல், சாதாரண தரப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு வினாத்தாளாவது அனுப்பித் திருத்திக் கொடுப்போம்.

நோன்பு பிடித்த பிள்ளையைப் பார்த்து "பாவம்" என்று சொல்வதை முதலில் நாம் நிறுத்துவோம். அவன் பாவம் இல்லை. அவனால் முடியும்.