கருதுகிறவர் யார்?

ஆங்கிலத்தில் ‘டீம்’ என்றொரு வினைச்சொல் உண்டு. பந்து விளையாடும் கோஷ்டியைக் குறிக்கும் சொல் வேறு. அதை நாம் சொல்லவில்லை. ஒரு விஷயத்தைச் சீர்தூக்கிப் பார்த்து அதைப்பற்றி ஓர் அபிப்பிராயத்திற்கு வருவதே இதன் பொருள். பழைய ஆங்கிலத்தில் தீர்ப்பளிப்பதற்கும் இச்சொல்லே வழங்கிற்று. மான் தீவின் நியாயாதிபதிகளுக்கு ‘டீம்ஸ்டர்’ என்ற பெயர் இன்றும் இருந்து வருகிறது. வாயில் வந்ததைச் சொல்வதற்கு உரிய சொல்லன்று இது.

சட்டம் இயற்றுவோர் கையில் இச்சொல் அடைந்த கதியே வேறு. உள்ளது எதுவாயினும், இன்னதென்றே கொள்ளவேண்டும் எனக் கட்டளையிடுவதற்கு அவர்கள் இதனை உபயோகிக்கலாயினர். 1897ஆம் வருஷத்து ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி, சரியான விலாசமிட்டுக் கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, சேர்ப்பிக்கப்பட்டதாகவே ‘கருதப்படும்’. தபால்காரரைக் கண்டதும் கதவைச் சாத்துகிறவர்கள் உள்ளவரையில் இவ்விதி அவசியமே. இதில் நமக்கு ஆட்சேபமில்லை.

ஆனால், 1956ஆம் வருஷத்துப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3ஆவது பிரிவைப் பாருங்கள். பல்கலைக்கழகம் அல்லாத ஓர் உயர்கல்வி ஸ்தாபனத்தை, குழுவின் யோசனைப்படி, பல்கலைக்கழகமாகக் ‘கருதப்படும்’ என்று மத்திய சர்க்கார் அறிவிக்கலாம். 1958இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனம் இவ்வாறு கருதப்பட்டது. அதன் தகுதியை ஐயுறுவார் எவருமில்லை. பின்னர் வந்தவை யாவும் அத்தரத்தன என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. இத்தகைய சில ஸ்தாபனங்கள் தொலைதூரக் கல்வியில் வழங்கிய பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் விசாரித்தது. சிலருடைய பட்டங்கள் ரத்தாயின. வேறு சிலர் மறுபடியும் பரீட்சை எழுத நேர்ந்தது. பணமும் வருஷங்களும் இழந்த அம்மாணவர்கள் எவரையும் ஏமாற்றியவர்களல்லர். எவரோ கருதியதை நம்பியவர்கள். ‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லை இந்த ஸ்தாபனங்கள் தம் பெயரோடு சேர்ப்பதைத் தடுக்கவும் கோர்ட் அப்போதே உத்தரவிட்டது.

தமிழில் இவற்றை ‘நிகர்நிலைப் பல்கலைக்கழகம்’ என்கிறோம். ஆங்கிலச் சொல்லாவது, இது பிறர் கொண்ட கருத்து என்பதை ஒப்புக்கொள்கிறது. நமது மொழிபெயர்ப்போ, நிகரே என்று சாட்சி சொல்லிவிடுகிறது! ‘கருதப்படும்’ என்ற செயப்பாட்டு வினைக்குள்ளும் கருதுகிறவர் சௌகரியமாக மறைந்துகொள்கிறார்.

எந்த ஆசிரியர்களை, எந்த ஆய்வுக்கூடத்தை, எந்தப் பரீட்சை முறையைப் பார்த்து இவ்வாறு கருதினோம் என்பதை, கருதுகிறவர்கள் அறிவிக்கையிலேயே வெளியிடவேண்டும். அந்த அறிவிக்கை, மாணவனின் தகப்பனார் வாசித்தறியக்கூடிய பாஷையிலும் இருக்கவேண்டும்.