பெல்ட் நழுவினாலும் அதே அலறல்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது நாங்கள் இருவர் உடன் போயிருந்தோம். வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்க்கும் சிடிஜி மெஷினோடு இணைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது அலறத் தொடங்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "கொழந்தைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?" என்று அக்கா மூன்று முறை கேட்டார். நான்காவது முறை பதில் வந்தது: "பேசாம படு. உங்காளுங்களுக்கு எல்லாத்துக்கும் கத்தணும்." கடைசியில் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவி பெல்ட்டை இழுத்துக் கட்டினார். சத்தம் நின்றது. அக்கா புரண்டு படுத்ததில் பெல்ட் நழுவியிருக்கிறது, அவ்வளவுதான்.

வயிற்றிலிருக்கும் குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது இயல்பு. அதற்குக் கீழே இறங்கினாலும் மெஷின் கத்தும்; பெல்ட் நழுவி சிக்னல் போனாலும் கத்தும். நாளெல்லாம் கேட்கும் ஊழியர்களின் காது மரத்துவிடுகிறது. படுத்திருப்பவளுக்கு மரப்பதில்லை. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் கர்ப்பப்பை சுருங்குவதைத் தளர்த்தி, பிரசவத்தை இழுத்தடிக்கக்கூடும். அப்புறம் "ஒத்துழைக்க மாட்டேங்கறா" என்ற பழியும் அவள் மேல்தான்.

சிக்கலில்லாத பிரசவத்துக்குத் தொடர் சிடிஜி வேண்டாம், இடையிடையே டாப்ளரிலோ குழலிலோ கேட்டால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லிவிட்டது. இடையிடையே கேட்க ஆள் வேண்டுமே! ஆள் இல்லாத இடத்தில் மெஷின் நிற்கிறது. செவிலியரின் வேலைப்பளு எங்களுக்குப் புரிகிறது. ஆனால் "உங்காளுங்க" என்ற சொல்லை வேலைப்பளு கற்றுக்கொடுக்கவில்லை.

"சத்தமெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். ஸ்வீடனில் 14 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. கர்ப்ப காலத்தில் 85 டெசிபலுக்கு மேல் இரைச்சலில் முழுநேரம் வேலை செய்த தாய்மார்களின் குழந்தைகளுக்குக் கேட்டல் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 80 சதவீதம் கூடுதல் என்றது அது. பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும். தறி ஓடும் சுவருக்கு அந்தப் பக்கம் நம் குடியிருப்பு. சம்பளப் பட்டியலில் பெயரே இல்லாத பெண்ணுக்கு ஏது மகப்பேறு விடுப்பு? மாசமாக இருக்கும்போதும் அந்த இரைச்சலில்தான் நிற்கிறாள். அங்கிருந்து நேராக இந்த அலாரத்துக்கு வருகிறாள்.

மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். பகலில் 50 டெசிபல், இரவில் 40 என்று 2000-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. ஹாரன் அடிப்பவனுக்கு விதி இருக்கிறது. உள்ளே தலைமாட்டில் கத்தும் மெஷினைப் பற்றி, அங்கே விழும் வசவைப் பற்றி அது பேசவில்லை.

தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பெருமைதான். பிரசவத் துணையாக ஒரு பெண் உடனிருக்கலாம் என்ற திட்டமும் 2004-லேயே வந்துவிட்டது. அதைக் கேட்டு வாங்குங்கள். துணையாகப் போகிறவர் மெஷினை மாட்டும்போதே கேட்கட்டும்: "இது எதுக்குக் கத்தும், கத்துனா யாரைக் கூப்பிடணும்?" துடிப்பின் ஒலியைக் குறைக்க அதிலேயே பட்டன் இருக்கிறது. அலாரத்தை மட்டும் அணைக்கச் சொல்லிவிடாதீர்கள். அது சில நேரம் நிஜமாகவே கத்தும்.