பாட்டரிக்குப் பரீட்சை

கார் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளுவது நம்முடைய பரம்பரை வைத்தியம். வழியோடு போகிறவர்கள்கூடக் கை கொடுப்பார்கள். நாலு கஜம் நகர்ந்ததும் 'டர்ர்' என்று உயிர் வந்துவிடும். இந்த வைத்தியத்துக்கு மசியாத கார் ஒன்று உண்டு. அதுதான் ஹைப்ரிட். எட்டுப் பேர் சேர்ந்து எட்டு மைல் தள்ளினாலும் அது கிளம்பாது. பெட்ரோல் எஞ்சினைக் கிளப்பி விடுகிற வேலையே அதன் பெரிய பாட்டரியினுடையது. அந்தப் பாட்டரிக்குக் கிழத்தனம் வந்தால் நாமே பழுது பார்த்துக்கொள்ள முடியுமா? இந்த வாரத்துச் சங்கதி இதுதான்.

2024-ல் யாழ்ப்பாணம் போயிருந்தேன். அங்கே என் சிநேகிதர் ஒருவர் பள்ளிக்கூட உத்தியோகம் பார்த்துப் பென்ஷன் வாங்கியவர். ஊருக்கெல்லாம் அவர் 'மாஸ்டர்'. அவரிடம் ஜப்பானில் ஓடிக் கழிந்து இலங்கைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் கார் ஒன்று இருக்கிறது. 2022-ல் அங்கே பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, ஜனங்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றார்களே, அப்போது கொஞ்சப் பெட்ரோலில் நிறைய தூரம் ஓடி அவர் மானத்தைக் காப்பாற்றிய கார் அது. ஆகையால் அதன்மேல் அவருக்கு அலாதிப் பிரியம். தவிர, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பிப்ரவரி வரைக்கும் திறக்கவில்லை. பழசைப் போற்றுவதைத் தவிர வேறு வழியுமில்லை.

நான் போன சமயம் அந்தக் கார் ஆனையிறவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு முக்கோணத்தைக் காட்டிவிட்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருந்தது. கராஜில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்து, "புதுப் பாட்டரி போட வேணும்" என்று சொல்லிவிட்டார்களாம். அவர்கள் கேட்ட தொகை மாஸ்டரின் ஒரு வருஷப் பென்ஷனைத் தாண்டியது.

"காரும் என்னைப் போலப் பென்ஷன் எடுத்திட்டுது" என்றார் மாஸ்டர்.

அவருடைய தங்கை மகன் கொஞ்சம் மின்சார வேலை படித்தவன். "கொஞ்சம் பொறுங்கோ மாமா, கழட்டிப் பார்ப்பம்" என்றான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். பெரிய பாட்டரி என்றதும் ஒரே பாட்டரி என்று நினைத்துவிடாதீர்கள். பின் ஸீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தகரப் பெட்டிக்குள் 28 கட்டைகள் புத்தகம் அடுக்கினாற்போல் நெருக்கி நிற்கின்றன. இவற்றை மாட்யூல் என்பார்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு செல்கள். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட், ஒரு மாட்யூலுக்கு 7.2 வோல்ட், எல்லாம் வரிசையாகச் சேர்ந்து 201.6 வோல்ட். சங்கிலியாகக் கோத்திருப்பதால் ஒருவன் சுருண்டு விழுந்தால் மற்ற 27 பேரும் திடகாத்திரமாக இருந்தும் கார் படுத்துவிடும். வயதானால் இது சகஜம். தயாரித்தவரைக் குறை சொல்ல இடமில்லை. பெட்டி முழுவதையும் தூக்கி எறியாமல் அந்த ஒருவனை மட்டும் கண்டுபிடித்து மாற்றினால் என்ன என்பதுதான் மருமகனின் யோசனை.

நல்ல யோசனைதான். ஆனால் ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் செய்ய வேண்டியவை உண்டு. டிக்கிக்குள் சின்னதாக ஒரு 12 வோல்ட் பாட்டரி இருக்கிறது. அது சோர்ந்து போனாலே கார் இல்லாத வியாதிகளையெல்லாம் சொல்லும். முதலில் அதைப் பாருங்கள். அப்புறம், பின் ஸீட்டின் ஓரத்தில் ஒரு காற்று ஜன்னல் இருக்கும். பாட்டரிக்குக் குளிர்ச்சி அந்த வழியாகத்தான் போகிறது. மாஸ்டர் அதன்மேல் தேங்காய்ச் சாக்கைச் சாய்த்து வைத்தே ஐந்து வருஷம் ஓட்டியிருக்கிறார்! உள்ளே இருக்கும் விசிறியைக் கழற்றியபோது தும்பும் தூசியும் ஒரு தலையணைக்குப் போதும்படி வந்தன. வெயில் ஊரில் பாட்டரிக்கு உஷ்ணம்தான் எமன். ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை இந்த விசிறியைச் சுத்தம் செய்துகொள்ளலாம். இதற்குத் தைரியம் ஒன்றும் வேண்டாம், ஒரு பிரஷ் போதும்.

தைரியம் வேண்டியது இனிமேல்தான். இல்லை, தைரியம்கூட அல்ல, பயம் வேண்டும். 200 வோல்ட் நேர் மின்சாரம் ஆளைக் கொல்லும். சாவியைத் தூரக் கொண்டுபோய் வையுங்கள். சின்னப் பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றுங்கள். (அப்புறம் டிக்கிக் கதவைச் சாத்திவிடாதீர்கள். இந்தக் காரில் அது மின்சாரத்தில் திறப்பது. மாஸ்டர் சாத்திவிட்டு, மருமகன் உள்ளே தவழ்ந்து போய்த் திறக்கும்படி ஆயிற்று.) பிறகு ஆரஞ்சு நிறப் பிடியுள்ள ஸர்வீஸ் பிளக்கை உருவிப் பையில் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா இருங்கள். எஞ்சின் பக்கத்துக் கருவிகளில் தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும். ஆரஞ்சு நிறக் கம்பிகள் எல்லாம் யமதூதர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பிளக்கை உருவியதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. பிளக் செய்வது சங்கிலியை இரண்டாக வெட்டுவது மட்டுமே. எங்கே வெட்டினாலும் ஒரு பாதியில் 14 மாட்யூலாவது இருக்குமல்லவா? அதுவே நூறு வோல்ட். ஆகவே 1000 வோல்ட்டுக்கு உத்தரவாதமான மின்சாரக் கையுறை அவசியம். பாத்திரம் தேய்க்கிற ரப்பர் உறை உதவாது. மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.

மருமகன் இவ்வளவும் செய்தான். செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று. ஸ்பானரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றவில்லை. முதல் நட்டு, இரண்டாவது நட்டு சரியாகவே வந்தன. மூன்றாவதில் ஸ்பானர் நழுவி இரண்டு முனைகளின் குறுக்கே விழுந்தது. 'படீர்!' நீல வெளிச்சம். ஸ்பானரின் நுனியில் பட்டாணி அளவு உருகிக் காணாமல் போயிருந்தது. கண்ணாடியும் கையுறையும் போட்டிருந்தபடியால் பையனுக்கு ஒன்றுமில்லை. மாஸ்டர் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். அப்புறம் அரை மணி நேரம் யாரும் பெட்டியைத் தொடவில்லை.

பிறகு மாஸ்டர் தாமே எழுந்து, ஒவ்வொரு மாட்யூலிலும் 1 முதல் 28 வரை நம்பர் எழுதி, பழைய நோட்டுப் புத்தகத்தில் வருகைப் பதிவேடு மாதிரிக் கோடு போட்டார். மருமகன் மீட்டரை வைத்து வோல்ட்டைச் சொல்லச் சொல்ல, அவர் குறித்துக்கொண்டார். எல்லோரும் 7.8-ஐ ஒட்டிச் சொன்னபோது, பதினோராம் நம்பர் மட்டும் 6.5 என்றது. வித்தியாசம் 1.3, அதாவது அதற்குள் ஒரு செல் செத்துவிட்டது. "பெயில்" என்று சிவப்பு மையால் எழுதினார்.

இதோடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் சும்மா படுத்திருப்பவனின் நாடியை மட்டும் பார்த்தால் போதுமா? மாடிப்படி ஏறச் சொல்லிப் பார்க்க வேண்டாமா? காரின் முன்விளக்குக்குப் போடும் 55 வாட் பல்பு ஒன்றை ஒவ்வொரு மாட்யூலுக்கும் இரண்டு நிமிஷம் கொடுத்து எரிய விட்டு, ஆரம்பத்திலும் கடைசியிலும் வோல்ட்டைக் குறித்தார்கள். முதல் பரீட்சையில் கம்பீரமாகத் தேறிய பதினேழாம் நம்பர் இதில் மூச்சு வாங்கிவிட்டது. இந்த இரண்டாவது பரீட்சைதான் பரீட்சை.

மாட்யூல்களை இணைக்கும் செப்புத் தகடுகள் பச்சையாகக் களிம்பேறியிருந்தன. வியாதியில் பாதி இந்தக் களிம்புதான் என்று சில சமயம் தெரியவரும். அவற்றைத் தனியே கழற்றி, மாஸ்டரின் சம்சாரம் குத்துவிளக்கு தேய்க்கும் புளியைக் கொண்டே பளபளவென்று தேய்த்துக் கொடுத்துவிட்டார். நன்றாக அலம்பி, வெயிலில் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் காய வைத்த பிறகே திரும்பப் போட்டார்கள்.

விபத்தில் நசுங்கிய ஒரு காரின் பெட்டியிலிருந்து இரண்டு மாட்யூல் கிடைத்தன. வாங்குமுன் அவற்றுக்கும் பல்புப் பரீட்சை. மாற்றிப் போட்டதும் 28-ன் பாஸிடிவ் முனைகளையும் ஒன்றாக, நெகடிவ் முனைகளையும் ஒன்றாகக் கம்பியால் சேர்த்து ஒரு ராத்திரி விட்டால் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். தனியே சார்ஜ் செய்வதானால் இரு பக்கமும் பலகை வைத்து இறுக்கிக் கட்டாமல் செய்யாதீர்கள். வயிறு வீங்கி வெடித்துவிடும். திரும்ப அடுக்கும்போது ஒன்று தலைமாடு, அடுத்தது கால்மாடு என்று முனைகள் மாறி மாறி வரவேண்டும். ஒன்று திரும்பினாலும் 'படீர்'தான். நட்டை இழுத்து இறுக்கினால் முனை ஒடியும்.

கார் ஓடியது. முக்கோணம் மறைந்தது. மாஸ்டர் வீட்டில் அன்று பாயசம்.

ஆனால் வாசகர்களிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒரே பெட்டியில் ஒரே வயதில் கிழமானவர்கள் மிச்சம் 26 பேர் இருக்கிறார்களே! அவர்களில் நடு வரிசைக்காரர்கள் அதிகச் சூடு பட்டவர்கள். அடுத்தபடி விழக்கூடியவர்களும் அவர்களே. ராத்திரி வேளையில் பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டிய வீடானால், பணத்தைப் பார்க்காமல் 28-ஐயும் புதிதாகப் போட்டுவிடுவதே சிலாக்கியம் என்பேன். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் விசிறியைச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று: இத்தனையும் நிக்கல் பாட்டரிக்குத்தான். புது ஹைப்ரிட் கார்கள் பலவற்றில் லித்தியம் பாட்டரி இருக்கிறது. அது தீப்பிடிக்கக்கூடியது. அதைத் திறக்கவே வேண்டாம்.

ஊர் திரும்பி ஐந்து மாதம் கழித்து மாஸ்டரிடமிருந்து சேதி வந்தது. பதினான்காம் நம்பர் பெயிலாம். மாற்றியாகிவிட்டது, இந்தத் தடவை ஸ்பானரில் டேப் சுற்றி. கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் காரில் போகிறார். ஆனையிறவைத் தாண்டுவதானால் பஸ்தானாம்.