குழியானையோட ஒரு பாஸ் ஃபைட்

ஹாஸ்டல்ல ராத்திரி ரெண்டு மணிக்கு எவனாவது "போச்சுடா, மொத்த ஜியோவும் போச்சு"ன்னு கத்தினா பயப்படாதீங்க மக்களே. ஹாலோ நைட் ஆடிக்கிட்டு இருப்பான். பேரும் கிடையாது, பேச்சும் கிடையாது, கையில வாளுக்குப் பதிலா ஒரு ஆணி. அப்படி ஒரு குட்டிப் பூச்சிதான் அதுல ஹீரோ. செத்தா சேர்த்த காசு அங்கேயே நின்னுடும். திரும்பிப் போய் நம்ம நிழலையே அடிச்சாத்தான் கைக்கு வரும். மேப்பைக்கூட காசு குடுத்துத்தான் வாங்கணும்.

ஆட்டத்தை விட எனக்குப் பிடிச்சது அது பிறந்த கதை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தில் அரி கிப்சன், வில்லியம் பெல்லன் என்ற இரண்டு பேர், 2013இல் ஒரு கேம் ஜாமுக்காக 'ஹங்க்ரி நைட்' என்று சின்னதாக ஒன்றைச் செய்தார்கள். இந்தப் பூச்சி முதலில் தலைகாட்டியது அதில்தான். அடுத்து இன்னொரு ஜாம், அதுல டெட்லைனை விட்டுட்டாங்க (நம்ம ஆளுங்கதான்!). ஆனா ஐடியாவை விடல. 2014இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் சுமார் 57,000 ஆஸ்திரேலிய டாலர் திரட்டினார்கள். 2017 பிப்ரவரியில் கேம் வந்தது. செஞ்சது யூனிட்டியில, நாம லேப்டாப்ல இறக்கி வச்சுட்டுத் திறக்காமலே இருக்கோமே, அதே யூனிட்டி. அடுத்த பாகம் சில்க்சாங் 2025 செப்டம்பர் 4 அன்று வந்தப்ப, கூட்டம் தாங்காம ஸ்டீமே கொஞ்ச நேரம் படுத்துடுச்சு.

நான் வருசநாட்டுக்காரன். இந்த கேமை முதல்ல பார்த்தப்ப எனக்குத் தோணினது, "அட, இது எங்க தோட்டம்ல!" இலவங்காய் வெடிச்சு விழுந்தா விதையைச் சுத்தி மொய்க்கிற சிவப்புப் பூச்சி, முதல் மழைக்குப் புத்துல இருந்து கிளம்புற ஈசல், தீப்பெட்டிக்குள்ள நாங்க வளர்த்த பொன்வண்டு. எல்லாத்துக்கும் மேல குழியானை. மணல் சரியாம நிக்கக்கூடிய கடைசிச் சாய்வுல புனல் மாதிரி குழி தோண்டி, அடியில காத்திருக்கும். எறும்பு காலை வச்சா மண் சரியும். எறும்பு ஏறப் பார்த்தா, கீழ இருந்து மண்ணை வீசியடிச்சு மறுபடி உருட்டிவிடும். காத்திரு, வீசு, கவ்வு. மூணே ஸ்டேட், பக்காவான பாஸ் ஃபைட். இதை டிசைன் பண்ண எவனும் அடிலெய்டுல இருந்து வர வேண்டியதில்ல.

கதையும் நம்மகிட்ட இருக்கு. தன் பேரையே மறந்துட்டு, கன்னுக்குட்டி, பசு, மேய்க்கிறவன், அவன் கைக்கோல்னு ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டுக்கிட்டே போற ஈ கதையை அப்பத்தா சொல்லியிருப்பாங்க. கடைசியில குதிரை கனைச்சுத்தான் அதுக்குப் பேர் தெரியும். முழுக்க முழுக்க குவெஸ்ட்! 2012இல் 'நான் ஈ' பார்த்து ஒரு ஈக்கு விசிலடிச்ச ஊர் இது.

ஜீரோத் ரிவ்யூல இதைத்தான் சொன்னேன். பேனல்ல ஒருத்தர் சிரிச்சார். "கேம் எல்லாம் ப்ராஜெக்டாப்பா? ஃபேஸ் ரெகக்னிஷன் அட்டெண்டன்ஸ் பண்ணு." அந்த ப்ராஜெக்டை எங்க சீனியர்களும் பண்ணாங்க, அவங்க சீனியர்களும் பண்ணாங்க. ப்ராஜெக்ட் சென்டர்ல காசு குடுத்தா ரிப்போர்ட்டோட கிடைக்கும். ஒரு எறும்பு மணல்ல சறுக்குறதை ஒழுங்கா கோட் பண்ணணும்னா ஃபிசிக்ஸ் வேணும், கிராஃபிக்ஸ் வேணும், உண்மையிலேயே டெஸ்டிங் வேணும். காப்பியடிக்க வழியே இல்ல. எனக்கென்னவோ அதுதான் பிரச்சினைன்னு தோணுது.

"தமிழ்ப் பூச்சியை எவன்டா விளையாடுவான்?"னு ரூம்மேட்டும் கேட்டான். டொராண்டோவுல செஞ்ச 'வெண்பா' கேமைக் காட்டினேன். கனடாவுக்குப் போன ஒரு தமிழ் அம்மா இட்லி சுடுற கதை. 2023இல் வந்து, மறு வருஷம் பாஃப்டா விருதே வாங்குச்சு. பய வாயை மூடிட்டான். இப்ப டீம்ல ரெண்டாவது ஆள் அவன்தான்.

அட்டெண்டன்ஸ் ப்ராஜெக்ட் பேப்பர்ல ஓடட்டும், குழியானை நைட்ல ஓடும். சில்வண்டுச் சத்தத்தை லீவுக்குப் போனப்ப போன்ல பதிவு பண்ணிட்டு வந்துட்டேன். பொன்வண்டு முதுகுல அந்தப் பச்சை மினுமினுப்பைக் கொண்டுவரத் தெரிஞ்ச ஒரு ஆள் மட்டும் வேணும். எந்த டிபார்ட்மெண்ட்டா இருந்தாலும் சரி.