கோப்பியைச் சுவைப்பதும் ஒரு தொழில்

மாத்தளைப் பக்கம் வளவுள்ள வீடுகளில் மிளகு, கராம்போடு கோப்பி மரமும் நிற்கும். 1869இல் இலங்கையில் கண்ட இலைத்துரு நோய் பெருந்தோட்டங்களை அழித்த பிறகும், வளவுகளில் கோப்பி மிஞ்சியது. பறிப்பது, காயவைப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தாம்.

சகோதரிகளே! கோப்பியைச் சுவைத்துத் தரம் சொல்வது சம்பளத்துக்குரிய உத்தியோகம் என்பதை அறிவீர்களா? 1972இல் இந்தியக் கோப்பிச் சபையில் சேர்ந்த சுனாலினி மேனன், இத்தொழிலில் ஆசியாவின் முதல் பெண்மணி எனப் போற்றப்படுகிறார்.

சுமார் 8 கிராம் தூளில் 150 மில்லிலீற்றர் சுடுநீர் ஊற்றி, 4 நிமிடம் கழித்து, மேலே கட்டியதைக் கரண்டியால் விலக்கி மணம் பிடிப்பார்கள். சற்று ஆறியதும் சத்தம் வர உறிஞ்சி, நாக்கில் பரவவிட்டுத் துப்புவார்கள். பால், சீனி கிடையாது. அத்தர் பூசியும் வரக்கூடாது.

அந்த நாக்குக்கு எதையும் மறைக்க முடியாது. பச்சைக்காய் கலந்தால் துவர்க்கும். வெறுந்தரையில் காயவைத்தால் மண்வாடை வரும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் மணக்கும். விலை விழுவதும் இதனால்தான்.

ஆகவே, பழுத்ததை மட்டும் பறித்துப் பாயில் நன்றாகக் காயவையுங்கள். விற்குமுன் ஒரு பிடி வறுத்து, சீனியில்லாமல் நீங்களே சுவைத்துப் பாருங்கள். நம் பொருளின் தரம் நமக்கே தெரிந்திருந்தால், வியாபாரி சொன்னதுதான் விலை என்று இருக்கவேண்டியதில்லை.