பதினோராம் எண் கூண்டு

ஐப்பசி பிறந்ததும், “துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு” என்ற செய்தியைக் காலைக் காப்பியோடு வாசித்துவிட்டுக் குடையைத் தேடுகிறோம். அக்கூண்டு நமக்காக ஏறுவதன்று, கடலோடிகளுக்காக ஏறுவது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் அதன் பாஷை.

இந்த ஏற்பாடு நம் தேசத்தில் தோன்ற வங்காள விரிகுடாவே காரணம். பாம்புபோல் சுருளும் காற்றுக்குச் ‘சைக்ளோன்’ என்று 1848-ல் பெயரிட்ட ஹென்றி பிடிங்டன், கல்கத்தாவாசி. 1864-ல் அந்நகரைப் புயல் சூறையாடிய பிறகே அங்கே எச்சரிக்கை முறை ஏற்பட்டது. பல்லாயிரம் உயிரைக் கொடுத்து வாங்கிய ஞானம்!

ஆனால் கூண்டு, கரையருகே இருப்பவர் கண்ணுக்கே தெரியும். 2017 நவம்பர் 29-ல் இலங்கையை ஒட்டி உருவான தாழ்வு மண்டலம், மறுநாளே ‘ஒக்கி’ப் புயலாய்க் குமரிக் கடலில் சீறியது. குமரி மாவட்டத்து மீனவர் பலர் பல நாள் முன்பே ஆழ்கடல் சென்றிருந்தனர். கரையில் ஏற்றிய கூண்டு அவர்களுக்கு எப்படித் தெரியும்? அநேகர் திரும்பவேயில்லை.

2019-ல் வந்த ‘ஜெமினி’க் கருவி, செயற்கைக்கோள் வழியே நடுக்கடலுக்கும் எச்சரிக்கையைக் கொண்டு சேர்ப்பது. மெத்தச் சரி. எனினும் அதன் வாயிலாக மீனவர் மறுமொழி கூற இயலாது. கூண்டு வரிசையில் கடைசி எண் பதினொன்று. வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துபோயிற்று என்பது அதன் பொருள். கேட்கவும் பேசவும் வல்ல கருவி ஆழ்கடல் செல்லும் படகு ஒவ்வொன்றிலும் ஏறும்வரை, அந்தப் பதினோராம் எண்ணைச் சர்க்கார் மறத்தலாகாது.